தொண்ணூறு கிலோமீட்டர் பாக்கி

பால்மா தெருவில் எங்கள் டிக்கெட் கடைக்கு வருகிறவர்கள்
மாத்ரித் கேட்பார்கள், புவெனஸ் ஐரெஸ் கேட்பார்கள்,
ஒருமுறை ஒரு பாதிரியார் நைரோபி கேட்டார்.
தைப்பே யாரும் கேட்டதில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கியபின்
நான்தான் கேட்கிறேன்.

அசுன்சியோன் – தைப்பே.
திரை கொஞ்ச நேரம் அசைபோடுகிறது.
நேரடி விமானம் இல்லை.
இரண்டு நிறுத்தம், நாற்பத்தொரு மணி நேரம்,
சாவ் பாவ்லோவில் ஐந்து, துபாயில் ஒன்பது உட்பட.
வெள்ளி பிற்பகல் ஏறினால் ஞாயிறு இரவு இறங்கலாம்.
நடுவில் வரும் சனிக்கிழமையை
இருக்கைப் பட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.
திரும்பும்போது பதினொரு மணி நேரம் கைக்கு வரும்,
மீதிச் சில்லறை மாதிரி.

கோடு போட்டு அளந்தால்
பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
அதற்குமேல் உலகத்தில் தூரம் அதிகம் மிச்சமில்லை.
என் அடுப்படியில் ஒரு கிணறு வெட்டி
வெட்டிக்கொண்டே போனால்
அவன் ஊர்ப் பக்கத்துக் கடலில் வாளி மிதக்கும்.
அதனால் எந்தத் திசையில் புறப்பட்டாலும்
ஏறக்குறைய அதே தூரம்தான்:
வடக்கே பனி, தெற்கே பனி,
கிழக்கே ஆப்பிரிக்கா, மேற்கே வெறும் தண்ணீர்.
கோபத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற அன்றும்
அவன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெர்லிஸ் போனது ஆகஸ்டில்.
முப்பத்துநான்கு வயதில் உதவித்தொகை, பாடம் சில்லுகளைப் பற்றி,
மொழி தெரியாது, குளிர்கோட்டு என் தம்பியுடையது.
'வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல், பூட்டை மாற்றவேண்டும்'
என்று சொன்னேன்.
விமான நிலையத்துக்குப் போகவில்லை.
அவன் வானத்தில் ஏறிய அந்த நிமிடம்
என்கார்னாசியோனுக்கு ஒரு பேருந்து டிக்கெட்டில்
ஒருவர் பெயரைத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன்.
வெளியே லபாச்சோ மரங்கள்
வெட்கமில்லாமல் ரோஜா நிறத்தில் பூத்திருந்தன.

முதல் குளிர்காலத்தில் எங்களுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம்.
ஒரே கடிகாரம் இரண்டு வீட்டுக்கும் போதும்.
எனக்கு ஏழு என்றால் அவனுக்கும் ஏழு,
நான் பல் துலக்கும்போது அவன் கொட்டாவி.
பிறகு அரசாங்கம் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கத்தையே நிறுத்தியது.
பதினொன்று ஆனது.
இந்த இரண்டு வருடத்தில்
எங்களைக் கொஞ்சமாவது நெருங்கவைத்தது
நாடாளுமன்றம்தான்.

தூரத்துக்குக் குவாரானியில் மொம்புரு என்போம்.
சொல்லிப் பார்த்தால் தெரியும்,
உதடு இரண்டு தடவை மூடித் திறக்கிற சொல்.
தொலைபேசியில் அதைக்கூட நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.
வாடகை, பல்வலி, பக்கத்து வீட்டு நாய்.

நேற்று ஒரு படம் வந்தது.
படத்தில் ஒன்றுமில்லை, தண்ணீர்.
கீழே எழுதியிருந்தான்:
'சுனில்தா, நம் அடுப்படியின் எண்களைத் தலைகீழாக்கி
ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் கொடுத்தேன்.
பைத்தியம் என்று நினைத்தார், ஆனாலும் கூட்டிப்போனார்.
தைப்பேயிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் பாக்கி இருந்தது, அதையும் போய்விட்டேன்.
மூன்றுமுறை வாந்தி.
உன்னிடமிருந்து இதற்குமேல் விலகிப்போக இடமில்லை.
படகு எந்தப் பக்கம் ஆடினாலும்
வீட்டுப் பக்கம்தான் ஆடியது.'

பதில் போடவில்லை.
தெரேரே குவளையில் பனிக்கட்டி கரைந்து
வெறும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இன்று ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டு
ஒரு பெயரில் ஓர் இருக்கையைப் பிடித்துவைத்தேன்.
என் பெயர்தான், இம்முறை எழுத்துப்பிழை இல்லை.
நள்ளிரவுக்குள் பணம் கட்டாவிட்டால் ரத்து
என்கிறது திரை.
யாருடைய நள்ளிரவு என்று
எங்கும் போடவில்லை.